கிட்டார் ஆம்ப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு ஜாக்குகள் (எஃபெக்ட்ஸ் லூப்): வாசகர் கேள்விகள்

கே: கெயினைக் கூட்டினால் டிலே (எதிரொலி) பெடலின் ஒலி குழம்பிப் போகிறது. பெடல் கெட்டுவிட்டதா? (ஈசூன்)

ப: பெடலில் குறையில்லை, அதை வைத்திருக்கும் இடம்தான் தவறு. ஆம்ப்புக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. பிரீஆம்ப் கிட்டாரின் மெல்லிய சிக்னலைப் பெருக்கி, டோனையும் பெரும்பாலான டிஸ்டார்ஷனையும் (கரகரப்பையும்) தருகிறது. ஸ்பீக்கரை அசைக்கும் பலத்தைத் தருவது பவர் ஆம்ப். டிலே முன்னால் இருந்தால் எதிரொலிகளும் பிரீஆம்ப்பில் டிஸ்டார்ட் ஆகி ஒன்றோடொன்று மோதும். ஆம்ப் பின்னால் உள்ள செண்ட், ரிட்டர்ன் என்ற இரண்டு ஜாக்குகள்தான் எஃபெக்ட்ஸ் லூப். அது இவ்விரண்டு பகுதிகளுக்கும் நடுவே இருக்கிறது. டிலேயை அங்கே மாற்றுங்கள். செண்ட் ஜாக்கிலிருந்து பெடலின் இன்புட்டுக்கு ஒரு கேபிள், அவுட்புட்டிலிருந்து ரிட்டர்னுக்கு இன்னொன்று. எதிரொலிகள் தெளிவாகப் பிரிந்து கேட்கும்.

கே: அப்படியானால் எல்லாப் பெடல்களையும் லூப்பில் போடலாமா? (தெம்பனிஸ்)

ப: வேண்டாம். வா (wah) பெடல், ஓவர்டிரைவ் பெடல் இரண்டும் ஆம்ப்புக்கு முன்னால்தான். டிலே, ரிவெர்ப் லூப்பில். கோரஸ் எங்கே என்பதை உங்கள் காது சொல்லட்டும்.

கே: லூப்பில் எதுவும் செருகவில்லை. ஆனாலும் வாசிக்கும்போது சத்தம் திடீரென்று குறைகிறது, பிறகு வருகிறது. (ஜூரோங் வெஸ்ட்)

ப: வால்வை (ஆம்ப்பினுள் இருக்கும் வெற்றிடக் குழாயை) மாற்றக் காசு செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். செண்டையும் ரிட்டர்னையும் சிறிய பேட்ச் கேபிளால் நேரடியாக இணையுங்கள். சத்தம் சீரானால் குற்றவாளி ரிட்டர்ன் ஜாக். பல ஆம்ப்களில் லூப் காலியாக இருக்கும்போது சிக்னல் அந்த ஜாக்கினுள் உள்ள சிறிய சுவிட்ச் வழியாகவே போகிறது. நம்மூர் ஈரப்பதத்தில் அந்தத் தொடுமுனை எளிதில் மங்கிவிடும். ஆம்ப்பை அணைத்து, கான்டாக்ட் கிளீனரை பிளக்கில் சிறிதளவு தெளித்து, பலமுறை செருகி எடுங்கள். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். வால்வ் ஆம்ப்பின் கெப்பாசிட்டர்களில் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் தங்கியிருக்கும்.

கே: வீவக அடுக்குமாடி வீட்டில் இரவில் வாசிக்க, செண்டை ஆடியோ இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்கு அனுப்பும் கருவியில்) செருகலாமா? (உட்லண்ட்ஸ்)

ப: தாராளமாக. மாஸ்டர் வால்யூம் லூப்புக்குப் பின்னால் இருக்கும் ஆம்ப் என்றால் அதை முழுக்கக் குறைத்தாலும் செண்டில் சிக்னல் வரும். ஸ்பீக்கரின் வடிகட்டல் இல்லாததால் ஒலி காதைக் குத்தும், எனவே கணினியில் கேபினெட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் மென்பொருள்) சேருங்கள். வால்வ் ஆம்ப் என்றால் ஸ்பீக்கர் கேபிளை ஒருபோதும் கழற்றாதீர்கள். பவர் ஆம்ப் அப்போதும் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்பீக்கர் என்ற லோடு இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.