விலை கூடினால் இசை இன்பமும் கூடுமா?

அதிக விலை கொடுத்து ஹை-ஃபை கருவி (பதிவான இசையைத் துல்லியமாக ஒலிக்கச் செய்யும் கருவி) வாங்கினால் இசையை இன்னும் ரசிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓர் எல்லை வரை முடியும். அதன் பிறகு விலை ஏறும் வேகத்தில் இன்பம் ஏறுவதில்லை.

மிக மலிவான கருவியிலிருந்து நல்ல நடுத்தரக் கருவிக்கு மாறினால் வித்தியாசம் யாருக்கும் கேட்கும். தாழ்ந்த சுரங்கள் தெளிவடையும். பாடகர் மூச்சு இழுப்பதுகூடக் காதில் விழும். அதற்குச் செலவிடும் பணத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கே போகட்டும். 1982இல் விற்பனைக்கு வந்த சிடியே 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 20,000 அதிர்வுகள்) வரையிலான உயர்ந்த ஒலியைப் பதிவுசெய்கிறது. நடுவயதைத் தாண்டிய பலருக்கு அந்த உச்சம் கேட்பதே இல்லை. அதற்கும் மேலான ஹெர்ட்ஸ் எண்களைக் காட்டும் கருவிகளுக்காகப் பணத்தைக் கொட்டுவது வீண் என்பேன்.

விலைப்பட்டியலில் இடம்பெறாத மிகப் பெரிய கருவி உங்கள் அறைதான். ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி வீங்கி மற்றவற்றை மூடிவிடும். சுவரிலிருந்து சற்றே தள்ளி வையுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்கள் அமரும் இடமும் ஏறத்தாழ சமபக்க முக்கோணமாக அமையட்டும். வெறும் தரையும் கண்ணாடியுமாக இருக்கும் அறையில் ஒலி எதிரொலித்துக் குழம்பும்; தரைவிரிப்பும் தடித்த திரைச்சீலையும் அதை அடக்கும். விலையுயர்ந்த கேபிள்களால் இந்த மாற்றத்தைத் தரவே முடியாது.

கடையில் ஒப்பிடும்போது இரண்டு கருவிகளையும் ஒரே ஒலி அளவில் வைக்கச் சொல்லுங்கள். சற்றே உரக்க ஒலிப்பது உயர்ந்த தரமாகத் தோன்றும். விற்பனையாளர்கள் இதை நன்கு அறிவார்கள். எந்தக் கருவி ஒலிக்கிறது என்று பார்க்காமல், உங்களுக்கு மனப்பாடமான பாடல்களையே போட்டுக் கேளுங்கள்.