ஓடத் தொடங்குதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 46. சிங்கப்பூர் ஷென்டன் வேயில் கணக்காய்வு வேலை. சென்ற மாதம் எடுத்த பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். மறுநாளே புதிய காலணி வாங்கி, பொங்கோல் நீர்வழியோரம் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடத் தொடங்கினேன். ஒன்பதாம் நாள் முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலி எடுத்து நிறுத்திவிட்டேன். போன ஆண்டு உடற்பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தபோதும் இதே கதைதான். அலுவலக வாட்ஸப் குழுவில் எல்லாரும் தினம் 10,000 காலடி காட்டுகிறார்கள். எனக்குத்தான் மனவுறுதி இல்லையா?

செங்காங் வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

மனவுறுதி இல்லாதவர் ஒன்பது நாள் தொடர்ந்து ஓடியிருக்க மாட்டார் என்பதால் அந்தக் கேள்வியை இத்துடன் விட்டுவிடலாம். நாம் பார்க்க வேண்டியது, நீங்கள் எடுத்துக்கொண்ட அளவை.

பல ஆண்டுகளாக நாற்காலியில் அமர்ந்திருந்த உடலின் எல்லா உறுப்புகளும் பயிற்சிக்கு ஒரே வேகத்தில் பழகுவதில்லை. மூச்சிரைப்பு சில வாரங்களிலேயே குறையத் தொடங்குகிறது. தசையும் ஓரளவு விரைவில் வலுப்பெறுகிறது. ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும், எலும்பும் புதிய சுமைக்கேற்பத் தம்மை மாற்றியமைத்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகிறது. ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. ஐந்து கிலோமீட்டரில் அப்படிப் பல ஆயிரம் காலடிகள், அதுவும் இடையில் ஒரு நாள்கூட ஓய்வின்றி. மூச்சு இடம் கொடுத்த அளவுக்கு நீங்கள் ஓடினீர்கள், எலும்பு இடம் கொடுக்கவில்லை. எனவே தொடக்கக்காரருக்கு மூச்சு நல்ல அளவுகோல் அன்று என்பதே என் கருத்து.

மீண்டும் தொடங்குமுன் அந்த வலியை மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சியின் மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடை முழுவதும் பரவலாக வலித்துத் தானே அடங்குவது இயல்பு. விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் எலும்பு வலித்தாலோ, ஓய்வாக இருக்கும்போதும் வலித்தாலோ அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாகவும் இருக்கலாம். நீங்கள் 40 வயதைக் கடந்தவர். சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் அரசின் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ உடல்நலத் திட்டத்தில் ஒரு மருந்தகத்தை (கிளினிக்) தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ளலாம். உடல்நலத் திட்டம் வகுக்கும் முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. எல்லைக்கோட்டுச் சர்க்கரையையும் அங்கேயே பேசிவிடலாம்.

மருத்துவர் சரி என்றபின், முதல் இரண்டு வாரங்கள் நடை மட்டும் போதும்: வாரத்தில் நான்கு நாள், இரவு உணவுக்குப்பின், பதினைந்து நிமிடம். உணவுக்குப்பின் என்று சொல்வதற்குக் காரணம், அப்போது இயங்கும் தசைகள் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. உங்கள் கவலையே அதுதானே. வேகத்தை அறியக் கருவி தேவையில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நடையை முடிக்கும்போது இன்னும் கொஞ்சம் நடந்திருக்கலாமே என்று தோன்ற வேண்டும், தோன்றினாலும் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் கடினமான பயிற்சி என்று நினைக்கிறேன். உடம்பு ஒப்புக்கொண்டால் வாரத்துக்கு வாரம் ஐந்து நிமிடம் கூட்டலாம். பயணத்தாலோ காய்ச்சலாலோ ஒரு வாரம் விட்டுப்போனால், விட்ட கணக்கை வட்டியுடன் தீர்க்கப் பார்க்காமல், முந்தைய அளவுக்குச் சற்றுக் கீழிருந்து தொடருங்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்தையும், இரண்டு நாளாவது தசைவலுப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. அது மூன்று நான்கு மாதங்களில் போய்ச் சேர வேண்டிய இடம். முதல் வாரமே எட்ட வேண்டிய இலக்காக அதைப் படிப்பதால்தான் பலர் இரண்டாம் வாரத்தில் படுத்துவிடுகிறார்கள். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையும் அந்த வழிகாட்டியில் இல்லை. எல்ஆர்டி ரயிலில் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடப்பதும் சேர்த்திதான். 10,000 காலடி என்பதோ, 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடிமானியின் பெயரிலிருந்து பரவிய எண். மருத்துவ ஆய்வு எதுவும் வகுத்துத் தந்த எல்லை அன்று. வாட்ஸப் குழுவை நீங்கள் மூன்று மாதம் ஒலியடக்கி வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலும் கவனிக்கவே மாட்டார்கள்.

நம் ஊர்ப் பருவநிலையையும் கணக்கில் கொள்ளுங்கள். இந்த ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாமல் தோலிலேயே தங்கிவிடுவதால், உடல் சூட்டைத் தணிக்க இதயம் கூடுதலாக உழைக்கிறது. குளிர்நாட்டுக்காரர் எழுதிய அட்டவணையை இங்கே அப்படியே பின்பற்றினால் அதே வேகம் இன்னும் அதிகமாகக் களைப்பூட்டும். நனைந்த சட்டையைப் பார்த்து நல்ல பயிற்சி என்று மகிழ்வதில் பொருளில்லை. சட்டைக்குமேல் நெகிழி மேலங்கி போட்டுக்கொண்டு ஓடுபவர்களைப் பூங்காவில் பார்க்கும்போதெல்லாம் தடுத்து நிறுத்தலாமா என்று தோன்றும். அவர்கள் இழப்பது கொழுப்பையல்ல, தண்ணீரை. இங்கே ஏழு மணியளவில்தான் விடிகிறது என்பதால், காலையில் போவதானால் வெளிச்சமுள்ள பாதையாகப் பாருங்கள்.

தசைவலுவுக்கு உடற்பயிற்சிக்கூடம் இப்போதைக்கு வேண்டாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து அமர்வதும், சுவரில் கைவைத்துத் தள்ளுவதும் வாரம் இரண்டு நாள், எட்டுப் பத்து முறை போதும். கால்வலி முற்றிலும் நீங்கியபின் வீவக அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படியில் நான்கு தளம் ஏறலாம், ஆனால் இறங்குவதற்கு மின்தூக்கியைப் பயன்படுத்துங்கள். இறங்கும்போதுதான் முழங்கால் அதிகம் தாங்குகிறது. பழக்கமில்லாதவர் திடீரெனக் கடும் பயிற்சி செய்தபின் தசை வீங்கிச் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருள்படலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி வந்தால் அங்கேயே நிறுத்தி, அவசர மருத்துவ வாகனத்துக்கு 995ஐ அழைக்க வேண்டும்.

பொங்கோல் நீர்வழிக்கு எப்போது திரும்பலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். அரைமணி நேரம் விரைந்து நடந்தும் மறுநாள் காலில் எந்த வலியும் இல்லை என்ற நிலை சில வாரங்கள் நீடித்தபின், ஒரு நிமிட மெல்லோட்டம், இரண்டு நிமிட நடை என மாற்றி மாற்றி இருபது நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள் முயன்று பாருங்கள். காலணி புதியதாகவே இருக்கிறது, வேறு வாங்க வேண்டாம்.

அன்புடன்.