கேளுங்கள், சொல்கிறோம்: இங்கிலாந்தின் மண் பாதைகளில் கிராவல் பைக் (மண், சரளைப் பாதைக்கான அகல டயர் சைக்கிள்)

*பண்ணைக்காரர் ஒருவர் வழிமறித்து, சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னார். கம்பத்தில் ‘பப்ளிக் ஃபுட்பாத்’ என்றுதான் போட்டிருந்தது. பப்ளிக் என்றால் எல்லோருக்கும்தானே? அபராதம் போடுவார்களா?*
– வாசகர், ரெடிங்

எல்லோருக்கும்தான், ஆனால் நடந்து போக மட்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃபுட்பாத்தில் சைக்கிள் ஓட்டும் உரிமை கிடையாது. நில உரிமையாளர் அனுமதித்திருந்தால் ஓட்டலாம், இல்லையென்றால் அத்துமீறல். பெரும்பாலும் அது சிவில் விவகாரம்தான், குற்றமல்ல. தனி உள்ளூர் விதி இருக்கும் இடங்களில் மட்டும் அபராதம் வரும். ஆனாலும் பண்ணைக்காரர் சொன்னது சரி. இறங்கியிருக்க வேண்டியது நீங்கள்தான்.

கம்பத்தில் இருக்கும் அம்புக்குறியின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் ஃபுட்பாத். நீலம் பிரிடில்வே, அதாவது குதிரைப் பாதை; அதில் ஓட்டலாம். கருஞ்சிவப்பு கலந்த ஊதா என்றால் மோட்டார் வண்டி வராத பைவே (பொது வண்டிப்பாதை), சிவப்பு என்றால் எல்லா வண்டிக்கும் திறந்த பைவே. இரண்டிலும் சைக்கிளுக்குத் தடையில்லை. பிரிடில்வேயில் ஓட்டும் உரிமையைத் தந்தது 1968ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம். நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்தப் பாதையைச் சைக்கிளுக்கு ஏற்றதாக வைத்திருக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது! பாதை சேறாகக் கிடக்கிறதே என்று கவுன்சிலுக்குப் புகார் எழுதும் முன் இதை நினைவில் வையுங்கள்.

வீட்டிலிருந்தே பார்ப்பதென்றால் ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் வரைபடம், 1:25,000 அளவு. குட்டிக் குட்டிப் பச்சைக் கோடுகள் ஃபுட்பாத், நீளமான பச்சைக் கோடுகள் பிரிடில்வே. பச்சைக் குறி எதுவும் இல்லாத வெள்ளைப் பாதையை நம்பாதீர்கள். அகலமாகத் தெரிந்தாலும் பண்ணையின் சொந்தப் பாதையாக இருக்கலாம். கைபேசிச் செயலி போட்டுத் தரும் வழியை இந்த வரைபடத்தின் மேல் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

*சவுத் டவுன்ஸ் வே முழுவதையும் இரண்டு நாளில் முடிக்க ஆசை. சாலையில் ஒரே நாளில் 150 கி.மீ. ஓட்டிப் பழக்கம். முடியுமா?*
– வாசகி, குராய்டன்

முடியும். ஆனால் சாலைக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். இது தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகள் மேல் போகும் நீண்ட பாதை. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கி.மீ.; மொத்த ஏற்றம் ஏறக்குறைய 4,000 மீட்டர். சராசரி வேகம் மணிக்கு 12, 13 கி.மீ. கிடைத்தாலே நல்லது. ஓய்வையும் சேர்த்தால் ஒரு நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம்.

காலை வாரிவிடுவது தூரமல்ல, ஆறுகள். பாதை குன்றின் முதுகிலேயே போகிறது. அருன், ஏடர், ஊஸ், குக்மியர் என நான்கு ஆறுகள் அந்த முதுகை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. ஒவ்வோர் ஆற்றிலும் சேர்த்த உயரத்தையெல்லாம் தொலைத்து, ஏறத்தாழ கடல் மட்டத்துக்கு இறங்கி, மறுபடி ஏற வேண்டும். அருன் கரையிலுள்ள ஆம்பர்லி ஏறக்குறைய நடுவழி. ரயில் நிலையமும் உண்டு. முதல் இரவை அங்கே வைத்தால் மறுநாள் எழுந்ததுமே செங்குத்து ஏற்றம், இருந்தாலும் கால் புதிதாக இருக்கும். முன் கியர்ச் சக்கரம் 40 பல் என்றால் பின்னால் பெரியது 42 பல்லாவது வேண்டும். சாலை சைக்கிளின் 34 பல்லோடு போனால் பல ஏற்றங்களில் தள்ளிக்கொண்டுதான் நடப்பீர்கள்.

மேற்கிலிருந்து கிழக்காகவே ஓட்டுங்கள். இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. அது முதுகில் தள்ளும்.

தண்ணீர் விஷயத்தில் கவனம். சுண்ணாம்புப் பாறை மழைநீரை உறிஞ்சிவிடும், அதனால் மேலே ஓடையே இல்லை. பாட்டல்ஃப்ஸ் அருகிலும் சேடில்ஸ்கோம் பண்ணையிலும் பயணிகளுக்கான குழாய்கள் இருக்கின்றன. என்றாலும் 2 லிட்டர் சுமந்துகொண்டே போங்கள்.

கடைசியில் ஒரு பொறி. ஆல்ஃபிரிஸ்டனில் பாதை இரண்டாகப் பிரியும். புகைப்படங்களில் பார்க்கும் செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகள் வழியாகப் போவது ஃபுட்பாத். சைக்கிளுக்கு உள்நாட்டுப் பக்கம், ஜெவிங்டன் வழிதான்.

*டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத டயர்) மாற்றியும் டவுன்ஸில் இரண்டு முறை டயர் கிழிந்தது. உள்ளே ஊற்றிய சீலன்ட் திரவம் ஏன் ஓட்டையை அடைக்கவில்லை?*
– வாசகர், பிரைட்டன்

அது முள் குத்திய ஓட்டை அல்ல, வெட்டு. சுண்ணாம்புக்குள் சக்கிமுக்கிக் கற்கள் புதைந்திருக்கும். உடைந்த விளிம்பு கண்ணாடிச் சில்லு போல இருக்கும். கற்கால மனிதன் அதில்தான் கத்தி செய்தான். உங்கள் டயர் எம்மாத்திரம்? நீளம் 5, 6 மி.மீ.க்கு மேல் போனால் சீலன்ட் பீய்ச்சியடித்து வெளியேறுமே தவிர அடைக்காது.

முதலில் காற்றழுத்தம். கல்லாக அடித்த டயர் கூர்மையான கல்லின் மேல் வளைந்துகொடுக்காது, அதனால் வெட்டுப்படும். ரொம்பக் குறைத்தால் ரிம் கல்லில் மோதும். 75 கிலோ எடையுள்ளவர் 45 மி.மீ. டயருக்கு முன்னால் 28, பின்னால் 31 பிஎஸ்ஐ-யில் தொடங்கலாம். ரிம் தட்டும் சத்தம் கேட்டால் இரண்டிரண்டாகக் கூட்டுங்கள். பக்கச்சுவரையும் பாதுகாக்கும் டயராக வாங்குங்கள். 50, 60 கிராம் கூடினாலும் பரவாயில்லை. சீலன்ட் டயருக்கு 60 முதல் 80 மி.லி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வின் உள்பகுதியைக் கழற்றி மெல்லிய குச்சியை விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டாமல் வந்தால் உள்ளே இருப்பது வெறும் ரப்பர்த் தோல்தான்.

வழியில் வெட்டுப்பட்டால் உடனே பிளக் திரியை (ஓட்டையை அடைக்கும் ரப்பர்த் திரி) அதில் செருகி, வாலை ஒரு சென்டிமீட்டர் வெளியே விடுங்கள். வெட்டு கீழ்ப்பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் வைத்துவிட்டுக் காற்றடியுங்கள். அதுவும் நிற்கவில்லையா? உள்பக்கம் பழைய டயர்த் துண்டு ஒன்றை (காலி பற்பசை டியூப்பை வெட்டியதும் போதும்) ஒட்டுக்கொடுத்து, சாதா டியூப் போட வேண்டியதுதான். போடும் முன் டயரின் உட்புறம் முழுக்கத் துணியால் தடவுங்கள். சீலன்ட் அடைத்துவைத்த பழைய முட்கள் அங்கே காத்திருக்கும். அவற்றை எடுக்காமல் போட்டால் புது டியூப் பத்து மீட்டர்கூடத் தாங்காது. இன்னொன்று: டியூப்லெஸ் வால்வின் நட்டை வீட்டில் கொறடு போட்டு முறுக்காதீர்கள். வயல் நடுவே விரலால் கழற்ற வராது.

*குளிர்காலத்தில் சில்டர்ன் குன்றுகளில் சக்கரமே சுற்ற மறுக்கிறது. சுண்ணாம்பு நிலத்தில் நீர் தேங்காது என்கிறார்களே?*
– வாசகர், வாட்ஃபோர்டு

அடியில் சுண்ணாம்புதான். ஆனால் சில்டர்ன்ஸின் மேட்டுப்பகுதியில் அதன் மேல் களிமண்ணும் சக்கிமுக்கியும் கலந்த ஒரு போர்வை கிடக்கிறது. அது புல்லோடு சேர்ந்து ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவில் செங்கல்லாக இறுகிவிடும். அப்போது பெடலை மிதித்துத் தள்ளாதீர்கள். சேறும் புல்லும் இழுத்த இழுப்பில் பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒடிந்து, கியர் சக்கரக் கம்பிகளுக்குள் போய்விடும். இறங்கி, குச்சியால் சுரண்டுங்கள். உங்கள் ஃபிரேமுக்குரிய ஹேங்கர் ஒன்று பையில் இருக்கட்டும், அடுத்தவருடையது பொருந்தாது. 45 மி.மீ. வரை இடம் தரும் ஃபிரேமில் குளிர்காலத்துக்கு 40 மி.மீ. டயர் போட்டால் சேறு வழிய இடம் கிடைக்கும்.

நவம்பர் முதல் மார்ச் வரை நிலத்தை மாற்றுவதே நல்லது. நார்ஃபோக்கின் தெட்ஃபோர்டு காட்டில் மணல், நீர் வடிந்துவிடும். நியூ ஃபாரஸ்டில் சரளைச் சாலைகள் உண்டு, ஆனால் அங்கே சைக்கிளுக்குக் குறியிட்ட பாதைகளில் மட்டும்தான் ஓட்டலாம். கைவிடப்பட்ட ரயில் தடத்தில் போட்ட டவுன்ஸ் லிங்க், கில்ட்ஃபோர்டு பக்கமிருந்து ஷோரம் வரை 59 கி.மீ. தட்டையான பாதை, கொஞ்சம் சலிப்பும் உண்டு. ஜனவரியில் அது பெரிய குறையல்ல.

ஈரச் சுண்ணாம்புக் கூழ் பிரேக் பேடை உப்புத்தாள் போலத் தேய்க்கும். ரெசின் பேடுக்குப் பதில் உலோகத்தூள் பேட் போடுங்கள். வீடு வந்ததும் கூழ் காய்வதற்குள் கழுவுங்கள், காய்ந்தால் சுவர்ப்பூச்சுதான்.

*வழியில் எங்காவது கூடாரம் அடிக்கலாமா?*
– வாசகர், லூட்டன்

நில உரிமையாளர் அனுமதியில்லாமல் கூடாது. இங்கிலாந்தில் டார்ட்மூரின் பொது நிலங்கள் மட்டும் விலக்கு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

*குதிரைக்காரர்களைக் கடக்கும்போது பெல் அடிப்பதா, வேண்டாமா?*
– வாசகி, வின்செஸ்டர்

வாயால் ‘ஹலோ’ சொல்லுங்கள், தூரத்திலிருந்தே. மனிதக் குரல் குதிரைக்குப் பழக்கம். பின்னாலிருந்து வரும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் ‘டிக் டிக்’ அதை மிரட்டும். சவாரி செய்பவர் திரும்பிப் பார்த்துச் சைகை காட்டிய பிறகு, வலப்பக்கமாக, நன்றாக விலகி, மெதுவாகக் கடங்கள். மாடுகள் விஷயம் வேறு. கன்றோடு நிற்கும் பசு முட்ட வரும். இறங்கி, சைக்கிளை அதற்கும் உங்களுக்கும் நடுவே வைத்துக்கொண்டு சுற்றி நடங்கள். தாய்க்கும் கன்றுக்கும் இடையே புகாதீர்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்தால் கொக்கி விழும் சத்தம் கேட்ட பிறகு பெடலில் கால் வையுங்கள்.