அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் உங்களுக்குப் பிடித்த அணி எது, பிடித்த வீரர் யார்? எல்லோரும் கொண்டாடும் வீரர்களில் யாரை உங்களுக்குப் பிடிக்காது?

சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். டிம் டங்கன். ஜேம்ஸ் ஹார்டன். கேட்ட மூன்றுக்கும் பதில் அவ்வளவுதான். காரணம் சொல்லாமல் போனால் ஹார்டன் பல வருடம் ஆடிய ஹூஸ்டன் அணியின் ரசிகர்கள் சும்மா விடமாட்டார்கள் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

ஆட்டத்தை ஒளிபரப்பும் கேமரா எப்போதும் பந்தின் பின்னாலேயே ஓடும். நான் மற்றவர்களைப் பார்ப்பேன். களத்தில் பத்துப் பேர், பந்து ஒன்று, ஆட்டம் 48 நிமிடம். எப்பேர்ப்பட்ட நட்சத்திரமானாலும் பெரும்பாலான நேரம் பந்து அவர் கையில் இருக்காது. அந்த நேரத்தில் என்ன செய்கிறார்? ஸ்கிரீன் போட்டு, அதாவது எதிராளியின் குறுக்கே சுவர் போல நின்று, சக வீரருக்கு வழி விடுகிறாரா, காலி இடம் பார்த்து ஓடுகிறாரா, தன் ஆளை மறித்து நிற்கிறாரா, இல்லை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாரா? என் பிடித்தம், பிடிக்காதது எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்து வருகிறது. ஒருவர் ஆட்டத்துக்கு எத்தனை பாயின்ட் எடுக்கிறார் என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

டங்கனிடம் வருகிறேன். விர்ஜின் தீவுகளில் பிறந்து நீச்சல் வீரராக ஆசைப்பட்ட சிறுவன். 1989ல் ஹியூகோ புயல் அந்தத் தீவின் நீச்சல் குளத்தை நாசமாக்கியது, பையன் கூடைப்பந்துக்கு வந்தான். 1997 டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாக ஸ்பர்ஸ் எடுத்தது. 19 சீசன், ஒரே அணி, ஐந்து கோப்பை. அவர் ஆடிய எந்த சீசனிலும் அணி பிளேஆஃப் எனும் நாக்-அவுட் சுற்றைத் தவறவிட்டதில்லை. இவ்வளவுக்கும் பிறகு இவரைப் பற்றிப் பேச்செடுத்தால் "போர் அடிக்கிற ஆட்டக்காரர்" என்றுதான் முதலில் சொல்வார்கள். பறந்து போய் டங்க் அடிக்க மாட்டார், நெஞ்சில் அடித்துக் கத்த மாட்டார். பலகையில் சாய்த்துப் போடும் அந்த பேங்க் ஷாட், சரியான இடத்தில் சரியான கால். நிறைகுடம் என்பார்களே, அந்த ரகம்.

2003 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சி நெட்ஸுக்கு எதிராக, கோப்பையை முடிவு செய்த ஆட்டம். டங்கன் எடுத்தது 21 பாயின்ட், 20 ரீபவுண்ட் (தவறிய வீச்சைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (பாயின்டுக்கு வழிவிட்ட பாஸ்), 8 பிளாக் (எதிரணி வீச்சைத் தட்டிவிடுவது). வேறு யாராவது இதைச் செய்திருந்தால் தினமும் அந்தக் காட்சியைத்தான் போட்டுக்கொண்டிருப்பார்கள். இன்னொரு கூத்தும் உண்டு. 15 முறை ஆல்-டிஃபென்ஸ் அணிகளில் (ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் பட்டியல்) இடம்பிடித்தவர், ஆனால் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. உணர்ச்சியே இல்லாதவர் என்று பெயர் வாங்கியவரை, 2007ல் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார் என்று ஒரு நடுவர் வெளியே அனுப்பினார். பிறகு லீக் அந்த நடுவரையே சஸ்பெண்ட் செய்தது, சரி, அது தனிக்கதை.

ஸ்பர்ஸ் ரசிகர் யாராக இருந்தாலும் 2013ஐப் பற்றிப் பேசாமல் தாண்ட முடியாது. மியாமி ஹீட்டுக்கு எதிரான இறுதித் தொடர், ஆறாவது ஆட்டம், ஸ்பர்ஸ் தொடரில் 3-2 என்று முன்னிலை. கடைசி அரை நிமிடத்தில் ஐந்து பாயின்ட் முன்னிலை. கோப்பை வழங்கும் நிகழ்ச்சிக்காகக் களத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டவே தொடங்கிவிட்டார்கள். மியாமியின் லெப்ரான் ஜேம்ஸ் ஒரு த்ரீ (தூரத்திலிருந்து போடும் மூன்று பாயின்ட் வீச்சு) போட்டார். ஸ்பர்ஸின் காவை லெனார்ட், ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைத் தவறவிட்டார். முன்னிலை மூன்று. லெப்ரானின் அடுத்த வீச்சு தவறியது, மியாமியின் கிறிஸ் போஷ் ரீபவுண்டைப் பிடித்து மூலைக்குப் பின்வாங்கிக்கொண்டிருந்த ரே ஆலனிடம் கொடுத்தார். ஆலன் போட்ட த்ரீ உள்ளே போனது. 5.2 விநாடி பாக்கி, ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் ஹீட் ஜெயித்தது, ஏழாவது ஆட்டத்தையும் ஜெயித்தது. போஷ் அந்த ரீபவுண்டை எடுத்தபோது டங்கன் பெஞ்சில் இருந்தார். மூன்று பாயின்ட் வீச்சைத் தடுக்க வேகமான ஆட்கள் வேண்டும் என்று கோச் போப்போவிச் அவரை வெளியே எடுத்திருந்தார். கணக்குப்படி சரியான முடிவு என்று மூளைக்குத் தெரிகிறது, மனசுக்கு இன்னும் தெரியவில்லை.

என்னைக் கேட்டால், 2014 ஸ்பர்ஸ் அணி அப்படி ஆடியதற்கு அந்தத் தோல்விதான் காரணம். அதே ஹீட், அதே இறுதித் தொடர், இந்த முறை 4-1. சராசரியாகப் பார்த்தால் ஆட்டத்துக்கு 14 பாயின்ட் கூடுதல். மியாமியில் நடந்த மூன்றாவது ஆட்டத்தின் முதல் பாதியில் ஸ்பர்ஸ் 71 பாயின்ட் எடுத்தது, வீசியதில் நான்கில் மூன்று பங்கு உள்ளே போனது. அந்த சீசனில் அணியில் ஒருவர்கூட ஆட்டத்துக்குச் சராசரி 30 நிமிடம் ஆடவில்லை. அர்ஜென்டினா, பிரான்ஸ், பிரேசில், ஆஸ்திரேலியா, இத்தாலி என்று பல ஊர்க்காரர்கள். மானு ஜினோபிலி டிராஃப்டில் 57வது ஆள், பேட்டி மில்ஸ் 55வது. போரிஸ் டியாவ், இரண்டு வருடம் முன்பு சார்லட் அணி வேண்டாம் என்று விட்டுவிட்ட மனிதர், இறுதித் தொடரின் பாதியில் முதல் ஐவரில் வந்து நின்று ஆட்டத்தையே மாற்றினார். நல்ல வாய்ப்பு கையில் இருக்கும்போதே அதைவிட நல்ல வாய்ப்புள்ளவருக்குப் பந்தைத் தள்ளிவிடுவார்கள். பந்து தரையைத் தொடாமலே நான்கு கை மாறிவிடும். ஹீட் வீரர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் வலை ஆடிக்கொண்டிருக்கும். போர் அடிக்கிற அணி என்று சொன்னவர்கள் இந்தத் தொடரை ஒரு முறை பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

பந்து இல்லாமலே ஒருவர் ஆட்டத்தை ஆள முடியும் என்பதற்கு இன்னொரு சாட்சி டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் பென் வாலஸ். டிராஃப்டில் யாரும் எடுக்காத ஆள். வாழ்நாள் சராசரி ஆட்டத்துக்கு ஆறு பாயின்ட்கூடக் கிடையாது. ஃப்ரீ த்ரோ போட்டால் பாதிக்கு மேல் வெளியே போகும். ஆனால் நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர், 2021ல் ஹால் ஆஃப் ஃபேம் எனும் கௌரவப் பட்டியலிலும் இடம். 2004 இறுதித் தொடருக்கு லேக்கர்ஸ் ஷாக், கோபி, கார்ல் மலோன், கேரி பேட்டன் என்று நான்கு பெரும்புள்ளிகளோடு வந்தது. சான்சி பில்லப்ஸ், ரிச்சர்ட் ஹாமில்டன், டெஷான் பிரின்ஸ், ரஷீத் வாலஸ், பென் வாலஸ் ஆகிய ஐவரும் சேர்ந்து அவர்களை 4-1 என்று அனுப்பி வைத்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் மொத்தமே 68 பாயின்ட். ஸ்பர்ஸுக்கு அடுத்து எனக்குப் பிடித்த அணி இதுதான். அதற்கு அடுத்த ஆண்டே இரு அணிகளும் இறுதித் தொடரில் ஏழு ஆட்டம் வரை மோதின. பலருக்கு அது தூக்கம் வரவைத்த தொடர், எனக்கு விருந்து.

அப்படியானால் பாயின்ட் குவிக்கிறவர்களையே பிடிக்காதா என்றால், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் ஸ்டெஃபன் கரி இருக்கிறாரே. 2015-16 சீசனில் 402 த்ரீ போட்டவர். முந்தைய சாதனை 286, அதுவும் அவருடையதே. எல்லோரும் அவர் கையைப் பார்க்கிறார்கள், அவர் காலைப் பாருங்கள். பாஸைக் கொடுத்துவிட்டு நிற்காமல் மூலைக்கு ஓடுவார், இரண்டு ஸ்கிரீனைச் சுற்றுவார், மறுபடி வளைந்து மேலே வருவார். அவரைத் துரத்தி இருவர் ஓடுவதால் கூடைக்கு அடியில் வேறு யாரோ தனியாக நிற்பார். அந்த இரண்டு பாயின்டில் கரியின் பெயர் எங்கும் வராது, அசிஸ்ட்கூட இல்லை. பந்தைத் தொடாமலே ஒருவர் இவ்வளவு சேதம் பண்ணுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நிக்கோலா யோக்கிச் வேறு வகை. டென்வர் அவரை 2014ல் 41வது ஆளாக எடுத்தபோது தொலைக்காட்சியில் ஒரு உணவக விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, பெயர் கீழே பட்டையில் வந்து போனது. வேகம் இல்லை, தாவல் இல்லை. ஆனால் மூன்று எம்.வி.பி. (சீசனின் சிறந்த வீரர் விருது), 2023ல் டென்வருக்கு அதன் வரலாற்றிலேயே முதல் கோப்பை. ஜெயித்த இரவில் மனிதரின் கவலை, ஊருக்குப் போய்க் குதிரைப் பந்தயத்துக்கு நேரத்தோடு சேர முடியுமா என்பதுதான். இவரிடம் பந்து போனால் உடனே மற்ற நால்வரும் ஓடத் தொடங்குவார்கள், ஓடினால் பந்து வரும் என்ற நம்பிக்கையில். சோம்பேறியையும் ஓடவைக்கிற பாஸ் அது.

சரி, ஹார்டன். 2018-19ல் ஆட்டத்துக்கு 36.1 பாயின்ட், எம்.வி.பி. ஒன்று, பின்னால் துள்ளிப் போடும் ஸ்டெப்-பேக் த்ரீயில் அவரை மிஞ்ச ஆளில்லை. திறமையைக் குறை சொன்னால் எனக்குக் கண் இல்லை என்று அர்த்தம். ஆனால் ஹூஸ்டனில் அவர் பந்தைப் பத்துப் பதினைந்து விநாடி தட்டிக்கொண்டிருக்கும்போது மற்ற நால்வரும் மூலையில் கம்பம் போல நிற்பார்கள். பந்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டால் இவரும் இன்னொரு கம்பமாகிவிடுவார். 2018ல் மேற்குப் பகுதி இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் தொடர்ச்சியாக 27 த்ரீயைத் தவறவிட்டது. கிறிஸ் பால் காயம்பட்டு வெளியே இருந்தார் என்பது உண்மைதான். இருந்தாலும் ஒரே வழியை மட்டும் பழகிய அணிக்கு அந்த வழி அடைபட்டால் வேறு போக்கிடம் இல்லை என்பதை அன்று பார்த்தோம். இதில் ஃபவுல் வாங்குவதற்காகக் கையைக் கொக்கி போட்டு மாட்டுவது வேறு. அந்த நேரத்தில் நான் எழுந்து போய் வேறு வேலை பார்ப்பேன்.

லூக்கா டான்சிச்சிடமும் இதே சாயல் உண்டு, நடுவரிடம் வாதாடிக்கொண்டே எதிரணியை ஓடவிடும் பழக்கத்தையும் சேர்த்து. அதற்காக டல்லாஸ் 2025 பிப்ரவரியில் அவரை லேக்கர்ஸுக்கு அனுப்பியது புத்திசாலித்தனமா? நிச்சயமாக இல்லை. முந்தைய ஆண்டுதான் அணியை இறுதித் தொடர் வரை கொண்டுபோன 25 வயதுக்காரரைக் கொடுத்துவிட்டு ஆன்டனி டேவிஸையும், கூட ஒரே ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமையையும், மேக்ஸ் கிறிஸ்டியையும் வாங்கினார்கள். டல்லாஸ் ரசிகர்கள் கொதித்தது நியாயம்.

கெவின் டுரான்ட் 2016ல் வாரியர்ஸுக்குப் போனதையும் நான் ரசிக்கவில்லை. 73 ஆட்டம் ஜெயித்த அணி, அதுவும் அவர் இருந்த ஓக்லஹோமாவை 3-1 பின்னடைவிலிருந்து திரும்பி வந்து வீழ்த்திய அணி. அடுத்த ஆண்டு பிளேஆஃபில் 16-1. ஒருவேளை எக்காலத்துக்கும் சிறந்த அணியாகவே இருக்கலாம். முடிவு தெரிந்த ஆட்டத்தை எத்தனை நாள் பார்ப்பது?

என் அணி ஒன்றும் புனிதமில்லை. 2007ல் ஃபீனிக்ஸ் சன்ஸுடன் ஆடிய தொடரில் ராபர்ட் ஹோரி ஸ்டீவ் நாஷை இடித்து மேசைமேல் தள்ளினார். பெஞ்சைவிட்டு எழுந்து வந்ததற்காக அமாரே ஸ்டவுடமையரும் டியாவும் அடுத்த ஆட்டத்துக்குத் தடை செய்யப்பட்டார்கள். ஆமாம், அதே டியாவ்தான், அப்போது ஃபீனிக்ஸில். ஸ்பர்ஸ் தொடரை ஜெயித்துக் கோப்பையும் வாங்கியது. அந்த வேகமான சன்ஸ் அணி ஒரு இறுதித் தொடரைக்கூடப் பார்க்காமல் கலைந்தது. ஃபீனிக்ஸ் ரசிகர்கள் இதைச் சொல்லித் திட்டினால் நான் பதில் பேசுவதில்லை.

இப்போதைய ஸ்பர்ஸ் என்றால் விக்டர் வெம்பன்யாமா. 2023ல் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, முதல் சீசனிலேயே லீக்கில் அதிக பிளாக். ஏழடிக்கு மேல் உயரம், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் தெரியும். அவர் எத்தனை பிளாக் செய்தார் என்று கணக்கு வைக்கிறார்கள். அவர் நிற்பதைப் பார்த்துப் பாதி வழியில் திரும்பிப்போன எதிரணி ஆட்டக்காரர்களுக்குக் கணக்கே இல்லை. 2025ல் தோளில் ரத்தம் உறைந்து அவருடைய சீசன் பாதியில் நின்றது, அதே ஆண்டு போப்போவிச்சும் கோச் பொறுப்பிலிருந்து விலகினார். எதிரே ஓக்லஹோமா இருக்கிறது, 2025 சாம்பியன். ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் ஃபவுல் கேட்டு விழுவது எரிச்சல்தான். ஆனால் டிராஃப்டில் யாரும் எடுக்காத லூ டார்ட், அலெக்ஸ் கருசோ போன்றவர்கள் அங்கே தடுப்பதைப் பார்க்கும்போது பழைய டெட்ராய்ட் வாசனை அடிக்கிறது. வெறுக்க முயன்றும் முடியவில்லை.

"ஜோர்டானா லெப்ரானா" என்று கமென்ட்டில் எப்படியும் யாராவது கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ஆட்டத்தை ஜெயித்தாக வேண்டும் என்றால் ஜோர்டான். அவரும் தனியாளாக ஜெயிக்கவில்லை. 1997 இறுதித் தொடரை முடித்த வீச்சு, ஜோர்டானை இருவர் சூழ்ந்தபோது அவர் கொடுத்த பாஸில் ஸ்டீவ் கெர் போட்டது. அந்த கெர் பிறகு ஸ்பர்ஸில் ஆடி இரண்டு கோப்பை வாங்கினார், அப்புறம் கரியின் கோச் ஆனார். வாரியர்ஸின் அந்த ஓட்டமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இனித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. லெப்ரான் 2023ல் கரீம் அப்துல்-ஜப்பாரின் 38,387 பாயின்ட் சாதனையைத் தாண்டியது பெரிய விஷயம்தான். எனக்கு அவரிடம் பிடித்த கணம் 2016 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், 89-89 என்று நின்றபோது, பின்னாலிருந்து மொத்தக் களத்தையும் ஓடிக் கடந்து வந்து வாரியர்ஸின் இகுடாலாவின் வீச்சைப் பலகையில் அடித்து நிறுத்தியது. அதனால் ஒரு சீசன் முழுவதும் ஆட அணி கட்டச் சொன்னால் லெப்ரானை முதலில் எடுப்பேன், டங்கனை இரண்டாவதாக. ஜோர்டான் ரசிகர்கள் வரிசையில் வந்து திட்டலாம்.