சின்ன பதிப்பகம் இ-புக் போடலாமா?

கேள்வி: நாங்க ரெண்டு மூணு பேரு நடத்துற சின்ன பதிப்பகம். இ-புக் போட்டா அச்சுப் புத்தகம் விக்காம போயிடுமோன்னு பயமா இருக்கு, இறங்கலாமா?

பதில்: தாராளமா இறங்குங்க. மறுபதிப்புக்குக் காசில்லாம கிடக்குற புத்தகங்கள்ல இருந்தே ஆரம்பிங்க, அச்சுல இல்லாத புத்தகத்துக்கு அச்சு விற்பனை போயிடுமேங்கிற பயமே இல்ல, அதுங்க திரும்ப வாசகர் கைக்குப் போறதே பெரிய விஷயம். பிடிஎஃப்ப அப்படியே ஏத்திடாதீங்க, போன்ல எழுத்த பெருசு பண்ணா வரி திரைய விட்டு வெளிய ஓடிடும், இபப் (EPUB) ங்கிற இ-புக் ஃபார்மட்னா திரைக்கு ஏத்த மாதிரி தானா மடங்கிக்கும். பழைய ஃபைல் யூனிகோட்ல (எல்லா கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) இல்லேன்னா மாத்திட்டு முழுசா இன்னொரு தடவ ப்ரூஃப் பாருங்க, கொம்பும் காலும் இடம் மாறி நிக்கும், இதுல மட்டும் அவசரமே கூடாது. அமேசானோட கிண்டில்ல 70 சதவீத ராயல்டிக்கு (விற்பனையில உங்களுக்கு வர்ற பங்கு) விலை வரம்பு மாதிரி நிபந்தனைகள் உண்டு, இல்லேன்னா 35தான். அப்புறம் எழுத்தாளரோட போட்ட பழைய ஒப்பந்தத்துல மின்னூல் உரிமை இல்லேன்னா அவங்ககிட்ட புதுசா எழுதி வாங்கிட்டுப் பண்ணுங்க.