கண்மாய்க்கு யார் காவல்?

கேள்வி: மழைத் தண்ணீரை மண்ணிலேயே நிறுத்துங்கள், வரப்பை உயர்த்துங்கள், பண்ணைக்குட்டை வெட்டுங்கள் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் மட்டும் இரண்டு கூட்டம் நடந்துவிட்டது. ஒருவரும் அசையவில்லை. வானம் சும்மா கொடுக்கும் தண்ணீரைச் சேர்த்துவைக்கக்கூட அக்கறை இல்லாத நம் ஜனங்களை எப்படித் திருத்துவது?
– ஒரு வாசகர், மானாமதுரை

பதில்: திருத்த வேண்டியது உங்கள் ஊர் ஜனங்களை இல்லை. தண்ணீரை எப்படி நிறுத்துவது என்று கூட்டம் போட்டுச் சொல்லித்தர வேண்டிய ஊர்களும் இல்லை அவை. மேல் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கில் வழிந்தால், அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று சரிவு பார்த்து வெட்டிவைத்த சீமை உங்களுடையது. ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட நாற்பத்தெட்டு மடை, நாரைகூட ஒரே மூச்சில் கடக்க முடியாத நீளம் என்று அர்த்தம். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று 39 ஆயிரத்துக்கும் மேலே இருக்கின்றன. அவற்றைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய் ‘அக்கறை இல்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பின்னே ஏன் அசையவில்லை? உங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் ஒரு பெரியவரோடு நடந்திருக்கிறேன். அவருடைய அப்பா அந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. ஐப்பசியில் முதல் மழை இறங்கிய ராத்திரி, மண்வெட்டியும் அரிக்கேன் விளக்குமாகக் கிளம்பிவிடுவாராம். வரத்துக்காலில் அடைத்துக்கிடக்கும் முள்ளையும் செத்தையையும் இழுத்துப்போட்டுத் தண்ணீரைக் கண்மாய்க்குக் கூட்டிவருவது அவர் வேலை. மடை திறக்க வேண்டுமென்றால் உள்வாயில் நீந்திப் போய், முங்கி, மடையின் வாயான குமிழியை அடைத்திருக்கும் கல்லை நகர்த்துவார். யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்பதும் அவர் வாய்ச்சொல்தான். அறுப்பு முடிந்தால் களத்திலேயே அவருக்குரிய நெல்லை அளந்துவிடுவார்கள்.

அந்தக் களத்து நெல் நின்றது. நீர்பாய்ச்சியின் பேரன் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டான். அவன் செய்ததில் தப்பே இல்லை.

அந்த நடையில் இன்னொன்றும் பார்த்தேன். வரத்துக்காலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தார்ரோடு. தண்ணீர் போக அடியில் குழாய் வைத்திருக்கிறார்கள். ஆனால் குழாயின் வாய், கால்வாயின் தரையைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. மழைத் தண்ணீர் அங்கே வந்து தேங்கி, அந்த உயரம் ஏறினால்தான் மறுபக்கம் போகும். அதற்குள் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி ஓடிவிடும். பெரியவர் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையால் அளந்து காட்டினார். “இதை நாங்க யாருகிட்ட சொல்றது தம்பி?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த ஊரிலும் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்திருக்கிறது.

தூர்வாருவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொக்லைன் வந்தால் போதும், வேலை நடந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். மடையின் மட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. மாடு குடிக்கும், கொஞ்சம் ஊறும், அவ்வளவுதான். கண்மாயின் அடியில் படிந்த வண்டலை எடுத்து மணற்பாங்கான வயலில் சிதறினால் நிலம் ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதற்கும் ஓர் அளவு உண்டு. வண்டலைத் தாண்டி அடியில் உள்ள கிராவலை லாரியில் ஏற்றினால் அதற்குப் பெயர் தூர்வாருவது இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பது அந்தக் கண்மாய்த் தண்ணீரில் பயிர் வைக்கும் ஆயக்கட்டு விவசாயிக்குத் தெரியும். வண்டியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம்தான் அவர் கையில் இல்லை.

பாசன விவசாயிகளுக்குச் சங்கம் அமைக்க 2000-லேயே சட்டம் வந்துவிட்டது. ஊர்க்காரர்களே சேர்ந்து கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்தும் 2017-ல் திரும்ப வந்தது. நல்லதுதான். ஆனாலும் பெரும்பாலான ஊர்களில் கண்மாய்க்குள் நிற்கும் மரத்தை ஏலம் விடுவது ஒரு துறை, மீனைக் குத்தகைக்கு விடுவது இன்னொரு துறை, இல்லையென்றால் பஞ்சாயத்து. கரை உடைந்தால் மட்டும் ஊர் திரண்டு வர வேண்டும். மீன் பாசி குத்தகை, மரத்து வருமானம் ஊர்ப் பொதுவில் சேர்ந்து கண்மாய்ச் செலவுக்கே திரும்பிய காலத்தில், மடைக்குக் கதவு போட யாரும் மனு எழுதிக்கொண்டு நிற்கவில்லை.

ராஜஸ்தானில் ஆல்வார் மாவட்டத்தில் இதே சிக்கல் வந்தது. 1980-களின் நடுவிலிருந்து அங்கே ஊர் ஊராக ‘ஜோஹட்’ என்கிற மண்கரைக் குளங்களைக் கட்டினார்கள். வறண்டு கிடந்த அர்வாரி ஆற்றில் மறுபடி தண்ணீர் ஓடியது, மீன் வந்தது. மீன் வந்ததும் அரசு அந்த மீனை வெளியூர் ஒப்பந்தக்காரருக்குக் குத்தகை விட்டது. ஜனங்கள் எதிர்த்து நின்று அதை ரத்து செய்ய வைத்தார்கள். அதற்கப்புறம்தான் எழுபது ஊர்கள் போலச் சேர்ந்து ஆற்றுக்கென்று ஒரு மன்றமே அமைத்துக்கொண்டன. கரை கட்டியவர்களுக்குத்தான் மீனும் தண்ணீரும் என்று அவர்கள் கேட்டது எனக்கு முழு நியாயமாகப் படுகிறது.

சொந்த வயல் கதைக்கு வருவோம். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40 ஆயிரம் லிட்டர், மூன்று டேங்கர் லாரிக்கும் மேலே. அதை வயலிலேயே நிறுத்தக் கோடை உழவு போதும், வரப்பு போதும். ‘சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று உங்கள் ஊர்ப் பாட்டியே சொல்வார். ஆனால் சித்திரையில் விவசாயி கையில் காசு இருக்காது. டிராக்டர் வாடகையோ மணிக்கணக்கில் ஏறும். விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவர் அடுத்த வருஷம் தன் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் எதற்கு வரப்பை உயர்த்துவார்? ஓர் ஏக்கர்காரர் பத்து சென்ட்டைக் குட்டைக்கு விட்டால் அந்தப் பத்து சென்ட் விளைச்சல் போச்சு. குட்டையிலிருந்து ஊறும் தண்ணீரோ பக்கத்துத் தோட்டத்து ஆழ்குழாய்க்குப் போகும். மகாராஷ்டிரத்தில் பல இடங்களில் பண்ணைக்குட்டைக்கு பிளாஸ்டிக் விரித்து, நிலத்தடி நீரை இறைத்து நிரப்பியதும் நடந்தது. அது சேமிப்பே இல்லை.

பழைய ஏற்பாடு அப்படியே திரும்பட்டும் என்று நான் சொல்லவில்லை. நீர்பாய்ச்சி வேலை பல ஊர்களில் சாதி பார்த்துச் சுமத்தப்பட்ட வேலையாக இருந்தது. ‘அந்தக் காலத்தில் ஜனங்கள் தாங்களாகவே செய்தார்கள்’ என்கிறவர்கள், குடிமராமத்துக்கு ஆள் வராதபோது 1858-ல் வெள்ளைக்காரர்கள் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டதை மறந்துவிடுகிறார்கள். மிரட்டி வாங்கும் உழைப்பும் இலவச உழைப்பும் இன்றைக்கு வேண்டாம். கண்மாய்க்கு ஒருவர் வேண்டும், அவர் யார் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கட்டும், அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளம் மீன் குத்தகைப் பணத்திலிருந்து வரட்டும். கோடை உழவுக்கும் வரப்புக்கும் கூலி கொடுங்கள். குத்தகைதாரருக்கும் கொடுங்கள். குட்டை வெட்டி நிலத்தை இழக்கிறவருக்கு, பலன் பெறும் ஊர் ஈடு செய்யட்டும்.

அடுத்த கூட்டம் வந்தால் நீங்களும் போங்கள். மேடையில் இருப்பவர்களைக் கையோடு வரத்துக்காலுக்குக் கூட்டிப்போங்கள். புரட்டாசிக்கு முன்னால் போனால் கால் காய்ந்திருக்கும், நடக்கலாம். ரோட்டுக் குழாய் இருக்கும் இடத்தில் நிறுத்தி, கால்வாய்த் தரைக்கும் குழாய் வாய்க்கும் எத்தனை அடி என்று அவர்களையே அளக்கச் சொல்லுங்கள். அளந்ததை எழுதி எங்களுக்கும் அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.