வெட்டிய மணற்சுவர் ஏன் திடீரெனச் சரிகிறது?

கேள்வி: மணற்காட்டுப் பக்கம் சற்றே இறுகிய மணலை வெட்டினால் சுவர்போல் நிற்கிறது, பிறகு சட்டென்று சரிகிறது. இதைக் கணினியில் கணிக்கலாமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: ஓரளவுக்குக் கணிக்கலாம். 1979இல் கண்டல், ஸ்ட்ராக் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட தனித்துணிக்கை முறை என்ற கணிப்பு முறையில், மணல் ஒரே திண்மமாக அன்றி ஒன்றையொன்று தொடும் ஆயிரக்கணக்கான உருண்டைகளாகக் கொள்ளப்படுகிறது. இறுகிய மணலில் சுண்ணாம்பு ஒட்டிய தொடுகைகளுக்கு, இழுவிசையையும் வெட்டுவிசையையும் (ஒன்றன்மேல் ஒன்றை வழுக்கச்செய்யும் விசை) ஓரெல்லைவரை தாங்கும் பிணைப்புப் பின்னர் சேர்க்கப்பட்டது. ஒரு பிணைப்பு அறுந்தால் அதன் சுமை அயற்பிணைப்புகளுக்குப் போகும். அங்குமிங்கும் தோன்றிய அறுவைகள் சாய்ந்த பட்டையாகச் சேர்ந்ததும் வலிமை சடுதியாக விழும். பக்க அமுக்கம் குறைந்த வெட்டுமுகத்தில்தான் இந்த நொறுங்கும் இயல்பு அதிகம். ஆழத்தில், அமுக்கம் கூடிய இடத்தில், அதே மணல் மெல்ல நெளிந்துகொடுக்கும். உருண்டைகள் நிஜ மணலைவிட எளிதில் உருளும் என்பதால், உருளல் தடையைச் சேர்க்காத, அல்லது மூவச்சு அமுக்கச் சோதனையோடு (மணல் மாதிரியைச் சுற்றிலும் அமுக்கியபடி மேலிருந்து நசுக்கும் ஆய்வுகூடச் சோதனை) ஒப்பிடாத கணிப்பை, திரையில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், நான் நம்பமாட்டேன்.